இலிப்பேசின் இலக்கணம் – ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞான வரலாறு கண்டுபிடிப்புகளின் அட்டவணை மட்டுமன்று. முன்னோர் வகுத்த விதிகளைப் பின்னோர் திருத்திய வரலாறும் அதுவேயாகும். கொழுப்பைச் சிதைக்கும் இலிப்பேசு என்னும் நொதியத்தின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரெஞ்சு உடற்றொழிலியலாளரான குளோட் பேர்னாட், முயலின் சதையிக் கான் இரைப்பைக்கு வெகுதூரத்திற் சிறுகுடலை அடைவதையும், அவ்விடத்துக்கு அப்பாலேயே நிணக்கலன்கள் கொழுப்பேறி வெண்ணிறம் பெறுவதையும் கண்டார். கொழுப்புச் செரிமானத்திற் சதையிச் சாறு வகிக்கும் பங்கு இதனாற் புலனாயிற்று. ஆயினும், நீரிற் கரைந்த நொதியம் நீரிற் கரையாத கொழுப்பை எவ்வாறு பற்றுகின்றது என்ற வினா எஞ்சி நின்றது. 1958 இல் சார்தா, தெனுவெல் ஆகிய இருவரும், எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடைமுகம் தோன்றியதும் சதையி இலிப்பேசின் தொழிற்பாடு சடுதியாகப் பெருகுவதைக் காட்டினர். இவ்வியல்பே இலிப்பேசை ஏனைய எசுத்தரேசுகளினின்று பிரித்தறியும் இலக்கணமாயிற்று.

இதன் காரணத்தை அறிய மூலக்கூற்றின் உருவத்தையே காணவேண்டியிருந்தது. அதற்கான வழி மெல்லவே திறந்தது. 1926 இல் சம்னர் யூரியேசு நொதியத்தைப் பளிங்காக்கினார். 1934 இல் பேர்னலும் டொறதி குறோபுட்டும் பெப்சின் பளிங்குகளை உலரவிடாது காத்துத் தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் பெற்றனர். 1965 இல் பிலிப்ஸ் குழுவினர் இலைசோசைமின் அமைப்பை வெளியிட்டனர். நொதியமொன்றின் முழு உருவம் காணப்பட்டது அதுவே முதன்முறை. அப்பணியிற் பங்குகொண்ட இளம் ஆய்வாளர்களுள் லூயிஸ் ஜோன்சனும் ஒருவராவார்.

1990 இல் மனிதச் சதையியினதும் ஒரு பங்கசினதும் இலிப்பேசு அமைப்புகள் வெளிவந்தன. இரண்டிலும் செரின், இசுற்றிடின், அசுப்பாட்டிக்கமிலம் ஆகிய மூன்றும் கூடிய தாக்கமையத்தை ஒரு மூடி மறைத்திருந்தது. நிரோதியொன்று பிணைந்த வேளையில் அம்மூடி விலகிநிற்பது 1991 இற் காட்டப்பட்டது. இடைமுகத்தில் மூடி திறப்பதே தொழிற்பாட்டுப் பெருக்கத்துக்குக் காரணம் எனக் கொள்ளப்பட்டது. விளக்கம் நிறைவுற்றதாகவே தோன்றிற்று.

அதனை அசைத்தவை பற்றீரியங்களே. 1993 இல், நெற்பயிருக்கு நோய் விளைக்கும் சூடோமோனசு குளூமே என்னும் பற்றீரியத்தின் இலிப்பேசு அமைப்பை ஜோன்சன் உள்ளிட்ட ஐவர் வெளியிட்டனர். பற்றீரிய இலிப்பேசு ஒன்றின் உருவம் தெரியவந்தது அப்போதுதான். இங்கும் மூடியிருந்தது, எனினும் இந்நொதியம் இடைமுகப் பெருக்கத்தைக் காட்டுவதில்லை. இன்றியமையாததெனக் கருதப்பட்ட அசுப்பாட்டிக்கமிலத்தை மாற்றியபோதும் அதன் தொழிற்பாடு முற்றாக அற்றுப்போகவில்லை. 1997 இல் சூடோமோனசு செப்பேசியாவின் இலிப்பேசு, நிரோதி எதுவுமின்றியே திறந்த நிலையிற் காணப்பட்டது. 2001 இல் வெளியான பசிலசு சப்றிலிசின் இலிப்பேசிலோ, 181 அமினோ அமிலங்களே கொண்ட அச்சிறு மூலக்கூற்றில், மூடியே இருக்கவில்லை.

மூடியும் இடைமுகப் பெருக்கமும் இலிப்பேசின் பொது இலக்கணமாகா என்பது இவற்றால் உறுதியாயிற்று. நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்களாலான கொழுப்புகளை நீராற் பகுப்பது எதுவோ அதுவே இலிப்பேசு என்று, உருவத்தை விடுத்துத் தொழிலால் வரையறுக்கும் நிலை ஏற்பட்டது. 1958 இன் அவதானம் பிழையன்று. ஓரிரு சான்றுகளினின்று அனைத்துக்கும் விதி வகுத்தமையே பிழையாகும். வரலாறு பயில்வோரும் மனங்கொள்ளவேண்டிய பாடம் இதுவாகும்.