146,679: ஒரு கழித்தல் கணக்கு

மே மாதப் பதாகைகளிலும் ஜெனீவாவுக்குப் போகும் மகஜர்களிலும் 146,679 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கொல்லப்பட்டோர் தொகை என்றே பலர் சொல்கிறார்கள். ஊடகக் கற்கை படித்த நானும் ஒரு காலம் அப்படித்தான் எழுதினேன். அது பிழை.

அது ஒரு கழித்தலின் விடை. 2011 ஜனவரி 8இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை கையளித்த சமர்ப்பிப்பில் அது இருந்தது. முல்லைத்தீவு, கிளிநொச்சி கச்சேரிகளின் கணக்குப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் கணக்குப்படி 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்பதே ஆயரின் கேள்வி.

வெள்ளவத்தை அறையில் ஒரு மின்வெட்டு இரவில் இந்த எண்ணைக் காரணிகளாக உடைத்துப் பார்த்தேன். 3 × 13 × 3,761. கடைசியாக வருவது முதன்மை எண்; அதற்கு மேல் உடையாது. இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பெயருக்கு ஒரு விநாடி என்று இடைவிடாமல் வாசித்தால் 40 மணித்தியாலம் 44 நிமிடம் 39 விநாடி வேண்டும் என்று கண்டதும் பேனையை வைத்துவிட்டேன்.

கடைசி இலக்கம் வரை துல்லியமாகத் தெரிவது கழித்தலின் குணம். அதன் பலவீனமும் அங்கேதான். முதல் எண்ணில் 1 வீதம் பிழை என்றால் 4,291 பேர். விடையில் அதுவே கிட்டத்தட்ட 3 வீதமாகிவிடும். ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்ன 40,000 கொல்லப்பட்டிருக்கக்கூடிய பொதுமக்களைப் பற்றியது. 2012இல் ஐ.நா. உள்ளக மீளாய்வு சொன்ன 70,000க்கு மேல் என்பது கணக்கில் வராதோரைப் பற்றியது. மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் இருக்கிறார். வன்னியிலிருந்து முகாம் வழியாக வந்தவர். 2009 ஜனவரியில் பிறந்த அவருடைய பேரன் ஏப்ரலில் ஷெல்லடியில் போய்விட்டான். "தம்பி, என்ர பேரன் இந்த எண்ணுக்குள்ள வருவானோ?" என்று கேட்டார்.

வரமாட்டான். 429,059 எண்ணப்பட்டபோது அவன் பிறக்கவில்லை. 282,380இலும் அவன் இல்லை. இரண்டு பக்கமும் இல்லாதவனைக் கழித்தல் காணாது. அதே மாதம் பிறந்து உயிரோடு முகாமுக்கு வந்து பதியப்பட்ட பிள்ளையோ, விடையில் ஒன்றைக் குறைத்துவிடும். மறுபுறம், பதியப்படாமல் வெளியேறிய ஒருவர் விடையில் ஒன்றைக் கூட்டுவார்.

கடதாசியில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"அப்ப 680 எண்டு எழுதுங்கோ," என்றார்.