ஒரே எழுத்து, பல எண்கள்: இணையத் தமிழின் தொடக்கக் காலம்

1997 மே மாதம், எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு கூடியது. அந்நாளில் இணையத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தைப் படிக்க வேண்டுமாயின், அதற்குரிய எழுத்துருவைத் தனியே பெற்று நிறுவியாக வேண்டும். இல்லையேல் திரையில் தோன்றுவன பொருளற்ற இலத்தீன் குறிகளே. ஒவ்வோர் எழுத்துருவும் தமிழெழுத்துகளுக்குத் தன் விருப்பம்போல் எண் வழங்கியிருந்தது.

பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல்வழி கலந்தாய்ந்து 'திஸ்கி' குறியீட்டை உருவாக்கினர். 1999இல் தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' என்னும் இரண்டை அறிவித்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடிலும் தமிழுக்கு இடம் இருந்தது. ஆயினும் விண்டோஸ் 2000க்கு முந்தைய விண்டோஸ் கணினிகள் தாமாக அதைக் காட்டவில்லை. தரங்கள் பலவாக இருந்தமையே இடராயிற்று.

ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு எண்களை மாற்றினால் மட்டும் போதாது. 'கொ' என்பதைத் திஸ்கி கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்றாகச் சேமிக்கும். யூனிகோடோ ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் வைக்கும். மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் என்னும் நம் இலக்கண மரபுக்கு இதுவே இசைவானது. ஆதலின் மாற்றிநிரல் குறிகளை இடம்பெயர்த்தும் அடுக்க வேண்டும். தவறின் சொல் சிதையும், தேடினும் கிட்டாது.

2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. (அப்போதும் 'டேஸ்-16' என்னும் மாற்றுத் தரம் உடன் வந்தது!) மாற்றிகள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால், அக்காலக் கோப்புகள் பலவற்றில் அவை எக்குறியீட்டில் எழுதப்பட்டன என்னும் குறிப்பே இல்லை. எழுதியவரோ அவர் பயன்படுத்திய எழுத்துருவோ கிடைத்தால் அதனை அறிவது எளிது.