சேற்றுக்குத் திரும்பிய புல்லட்

விதுரா பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. இடவப்பாதி மழையில் அந்தச் செம்மண் பாதை குழம்பாகிவிடும். அப்பாவின் 1986 மாடல் புல்லட்டை அந்தப் பாதைக்கு ஏற்ப மாற்றப்போகிறேன் என்றதும், கரமனை வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அது ரோட்டு வண்டிடே மக்கா, சகதியில இறக்காதே" என்றார். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்குமாக இருபது வருடம் அப்பாவைச் சுமந்த வண்டி. பெரியப்பாவின் வருத்தம் நியாயம்தான். ஆனால் புல்லட் பிறந்ததே சகதியில்.

1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் ஆறு நாள் பந்தயம் நடந்தது. கல்லும் சேறுமான பாதைகளில் வண்டியின் உறுதியைச் சோதிக்கும் பந்தயம் அது. வெள்ளோட்ட நிலையில் இருந்த புல்லட்டுகளை ஓட்டிய இருவர் அதில் தங்கம் வாங்கினார்கள். பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் வைத்தது அன்று பலருக்குப் புதுமை. அசையாத பின்சக்கரம்தான் சேற்றில் பிடிக்கும் என்று நம்பிய காலம். மேடுபள்ளத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் சக்கரமே மண்ணை விடாது என்பதைப் புல்லட் காட்டியது. ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரயல்ஸை இதே வண்டியில் வென்றார்.

நம் ஊருக்கு அது வந்தது ராணுவத்தின் எல்லைக் காவலுக்காக. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸின் கூட்டோடு என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் வண்டி தயாரானது. இங்கிலாந்தில் 1970-ல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோக, திருவொற்றியூர் மட்டும் நிற்கவில்லை. அப்புறம்தான் கிராஷ் கார்டு, பக்கப் பெட்டி, அகல சீட் என்று நாம் அதை நெடுந்தூர வண்டியாக்கினோம்.

சகதி, நெடுந்தூரம் என்ற இரண்டு வேலைக்கும் அது பொருந்தியதற்குக் காரணம் எஞ்சின். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். நீண்ட ஸ்ட்ரோக், கனத்த ஃபிளைவீல். ஆள் நடக்கிற வேகத்திலும் அணையாமல் இழுக்கும். பொன்முடி போகிறவர்கள் கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த இழுவையை அறிந்திருப்பார்கள்.

எங்கள் மெக்கானிக் ஆசான் முதலில் பாரத்தைக் குறைத்தார். பெட்டி மாட்டும் கம்பிகளும் கிராஷ் கார்டும் கீழே வந்தன. முன் மட்கார்டைக் கொஞ்சம் உயர்த்தினார். இல்லையென்றால் களிமண் அடைத்து சக்கரம் நின்றுவிடும். பட்டன் டயர் போட்டோம். கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தது பெரிய மாற்றம்: மேல் வேகம் போயிற்று, ஏற்றத்தில் இழுவை கூடியது. வலது கால் கியரை அப்படியே விட்டோம். அது அப்பாவின் கால் பழகிய இடம்.

சைலன்ஸரை உயர்த்த எனக்கு ஆசை இருந்தது. 2019-ல் ராயல் என்ஃபீல்டே ஜானி பிரிட்டனின் வெற்றிகளை நினைவுகூர்ந்து உயர்ந்த சைலன்ஸரோடு புல்லட் டிரயல்ஸ் விட்டது. ஆனால் அதே வருடம் ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரித்தவர் கொடுத்த மூல அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். சேசிஸ், எஞ்சின், சைலன்ஸர், நிறம் எதிலும் கை வைக்கவில்லை.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதையும் வெட்டாதீர்கள், கழற்றுங்கள். கழற்றியதை ஆக்கர்கடைக்குப் போடாமல் எண்ணெய் தடவிக் கோணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். நாளை உங்கள் பிள்ளைக்கு அது ரோட்டு வண்டியாகத் தேவைப்படலாம்.