ஒரு காலைப்பொழுதின் நஷ்டம்

புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்களுள் பல, மேலதன் கலிங்கில் வழிந்த நீர் வரத்துக்கால் வழியே கீழதனை அடைந்து, அதுவும் பெருகியபின் அடுத்ததை நாடிச் செல்லுமாறு தொடராக அமைந்தவை. ஆகையால் ஒரு கரை உடைந்தால் எந்த ஊர் விழித்திருக்க வேண்டும், எந்த ஊர் நிம்மதியாக உறங்கலாம் என்பதை அத்தொடரை அறிந்த பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். கணினித் தொழில் இந்த ஞானத்தை ஒருமுறை பெற்று, மறந்து, மீண்டும் பெற்ற சரித்திரம் சுவையானது.

1976-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்பவர், பிழையைத் திருத்திய பின்னரும் அக்கோப்பை மறுபடி கம்பைல் செய்யாமையால், சரியான நிரலிலேயே பிழை தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கினார். அந்த நஷ்டத்தைக் கேள்வியுற்ற அவருடைய சகா ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கியதே 'மேக்' என்னும் சாதனம்; எது எதைச் சார்ந்தது என்ற பட்டியலைக் கொடுத்தால், கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, மாறியதையும் அதைச் சார்ந்ததையும் மட்டுமே அது மறுபடி ஆக்கும்.

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டு மொழிக்கோ, பிரவுசர் மூலநிரலை நேரே வாசித்துவிடுமாதலால், முன்கூட்டியே ஆக்கிவைக்கும் பில்டு என்ற பிரயாசையே தேவைப்படவில்லை. 2009-இல் அம்மொழியைப் பிரவுசருக்கு வெளியேயும் இயக்கும் நோட் ஜேஎஸ் தோன்றி, நிரல் பொதிகள் பெருகி, அவற்றை நூற்றுக்கணக்கில் ஒரே ரெப்போவில் வைக்கும் மோனோரெப்போ வழக்கமும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனைத்தையும் ஆக்கிச் சோதிக்கும் சிஐ நியமமும் வந்து சேர்ந்தபோது, ஒரு வரி திருத்தியவர்கூட நெடுநேரம் காத்திருக்கும் நிலை ஏற்பட்டது. இங்கே மேக்கின் பழைய உபாயம் பலிக்கவில்லை. சிஐ இயந்திரம் ஒவ்வொரு முறையும் கோப்புகளைப் புதிதாக இறக்குவதால், அதன் கண்ணுக்கு எல்லாமே சற்றுமுன் பிறந்தவை.

ஆகவே நேரத்தை விட்டு, உள்ளடக்கத்திலிருந்து ஹேஷ் என்னும் கைரேகையைக் கணக்கிட்டு, அதே கைரேகைக்கு முன்பு எவர் இயந்திரத்திலேனும் கிடைத்த பலனைப் கேஷ் என்னும் பொதுவான சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறை பரவியது. கூகுள் தன் உள் உபயோகத்துக்கு வைத்திருந்த சாதனத்தை 2015-இல் பேசல் என்ற பெயரில் உலகுக்கு அளித்தது. ஜாவாஸ்கிரிப்டு உலகில் என்எக்ஸும், 2021-இல் வெளிவந்த டர்போரெப்போவும் அவ்வழியே நடந்தன.

எனினும் பில்டைப் பாதிக்கும் ஏதேனும் ஒரு சூழல் மாறி அக்கைரேகையில் சேராமற்போனால், பழைய பலனே புதியதாக வேஷமிட்டு வந்து, ஜான்சன் இழந்த காலைப்பொழுதை இன்னொருவரும் இழக்க நேரிடும். கணக்கில் விடுபட்ட வரத்துக்கால் ஒன்று இருந்தால், நிம்மதியாக உறங்கிய ஊரிலும் வெள்ளம் புகும். பில்டை விரைவாக்க விழைவோர், பெரிய இயந்திரத்துக்குப் பணம் கட்டுமுன், அந்தக் கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம்.