எல்லை நகர்ந்த பின் இரு கோட்டைகள்

ஐரோப்பாவின் இடைக்கால மடங்களையும் மதில் நகரங்களையும் தேடிப் போகிறவர்கள் தென் பிரான்சின் கார்கசோனைத் தவறவிடுவதில்லை. பாரூர்ப் பக்கத்திலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு வேலைக்குப் போகிறவர்களோ, ராயக்கோட்டையின் மலைத் துர்க்கத்தைப் பேருந்துச் சன்னலோடு கடந்துவிடுகிறார்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் எதிர்பாராத ஓர் உறவு தெரிகிறது.

முதலில் தெரிவது வேற்றுமைதான். கார்கசோனின் வலிமை மனிதன் அடுக்கிய கல்லில் இருக்கிறது: இரட்டை மதில், 52 கோபுரங்கள். ராயக்கோட்டையின் வலிமை தானாய் எழுந்த பாறையில் இருக்கிறது. பாறை விட்ட இடைவெளியை மட்டும் மதில் அடைக்கிறது.

வீழ்ந்த விதத்தில் இரண்டும் நெருங்குகின்றன. 1209 ஆகஸ்டில் சிலுவைப் படை முற்றுகையிட்டபோது, கார்கசோன் தண்ணீர் இல்லாமல் பணிந்தது. 1791 ஜூலையில், மைசூருடன் நடந்த போரில், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியின் மேஜர் கௌடியின் படை ராயக்கோட்டையின் கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடித்தது. மேற்கோட்டை நிபந்தனை பேசிச் சரணடைந்தது. அங்கே தாகமும் இங்கே பேச்சும் மதிலை வென்றன.

அதைவிட ஆழமான உறவு எல்லையில் இருக்கிறது. கார்கசோன் ஸ்பெயினை நோக்கிய காவல் நகரம். 1659-இல் பிரனீஸ் உடன்படிக்கை எல்லையைத் தெற்கே தள்ளியதும் அதன் பணி முடிந்தது. ராயக்கோட்டை, 1792-இல் அது அடங்கிய பாராமகால் பகுதி கும்பெனி வசமான பின், மைசூரை நோக்கிய கணவாய்க் காவல். 1799 மார்ச்சில் கும்பெனியின் ஜெனரல் ஹாரிஸின் படை இவ்வழியாகவே மைசூருக்குள் நுழைந்தது. மே மாதம் மைசூர் மன்னர் திப்பு வீழ்ந்ததும் இதற்கும் காக்க எல்லை இல்லை. போர் அழிக்காத இரண்டையும் அமைதி கைவிட்டது.

வாழ்க்கையும் இரண்டு இடங்களிலும் கீழேயே தழைத்தது. கார்கசோனில் ஓத் ஆற்றின் அக்கரைக் கீழ்நகரம் துணி வணிகத்தால் செழித்தது. ராயக்கோட்டையில் மலையடி ஊர் தக்காளிச் சந்தையால் பேர் பெற்றது.

இதன் பிறகே பாதைகள் பிரிகின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்கசோனை இடிக்க அரசு முனைந்தபோது ஊரார் எதிர்த்தார்கள். 1853-இல் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் புதுப்பிக்கத் தொடங்கினார். வட பிரான்சின் பாணியில் அவர் வைத்த கூம்புக் கூரைகள் இன்றும் விவாதத்துக்கு உரியவை. ராயக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தும், மீண்டும் கட்டப்படவில்லை. கார்கசோன் தன் கதையை முழுதாகச் சொல்கிறது, கொஞ்சம் கற்பனை கலந்து. ராயக்கோட்டை கலப்பில்லாமல் நிற்கிறது, ஆனால் கதையைச் சொல்ல ஆளில்லாமல்.

எது மேல் என்று தீர்ப்பது எளிதன்று. ஆனால் கார்கசோனிடமிருந்து நாம் கற்க வேண்டியது கூரை வேலையை அன்று, ஊரார் உரிமை கொண்டாடியதை. ஒழுங்கான ஏறுபாதையும், 1791-ஐயும் 1799-ஐயும் தமிழில் சொல்லும் ஒரு பலகையும், பிள்ளைகளை மேலே அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் இருந்தால், ஒரு கல்லையும் மாற்றாமல் ராயக்கோட்டை பேசத் தொடங்கும்.