'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு': சிவகாசியில் கணக்கில் வராத பிள்ளைகள்

சிவகாசியின் வரலாற்றை எழுதுகிறவர்கள், 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடாரிலிருந்து தொடங்குவார்கள். நாம் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவோம். நம் சேரியிலிருந்து பட்டாசு ஆலைக்குப் போகும் தாய், ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறாள்?

உழைக்கும் பிள்ளைகளை அரசு கண்டுகொள்ள நேர்ந்தது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளில் சிவகாசியும் ஒன்று. குடியிருப்புகளுக்கு அருகே சிறப்புப் பள்ளி, மதிய உணவு, உதவித்தொகை, மருத்துவப் பரிசோதனை என்று ஏற்பாடு. 1996 டிசம்பர் 10 அன்று, எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தொகையையே நிர்ணயித்தது: ஒரு குழந்தைக்கு முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லையேல் 5,000 ரூபாய் தர வேண்டும்.

அதே 1996 பிப்ரவரியில்தான் ஊனமுற்றோருக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் தொகை இல்லை. மறுவாழ்வுப் பணிகளை அரசு தன் 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' செய்யும் என்றது. ஆட்டிசம் அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016-இன் புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது, உரிமை என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தது. ஆனாலும் சமூகப் பாதுகாப்பைப் பேசும் 24-ஆம் பிரிவிலும், மறுவாழ்வைப் பேசும் 27-ஆம் பிரிவிலும் அந்தப் பழைய நிபந்தனை அப்படியே இருக்கிறது.

வேலை செய்த பிள்ளைக்கு விலை குறித்தார்கள். வேலை செய்ய முடியாத பிள்ளைக்கு, கையில் இருந்தால் தருகிறோம் என்றார்கள். இதுதான் இந்த வரலாற்றின் சுருக்கம்.

தமிழக அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகை 1,500-லிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் தெருவில் உட்கார்ந்து கேட்டதன் விளைவு அது. ஆனால் கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 67 ரூபாய்கூட வராது. பிள்ளையைப் பார்க்க வீட்டில் இருக்கும் தாய் இழக்கும் கூலி எவ்வளவு? அந்த வித்தியாசத்தை அரசுக்குப் பதிலாக அவள்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

பணம் மட்டும் போதாது என்பதை அரசும் ஒப்புக்கொண்டுவிட்டது. 2022-இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்த 'உரிமைகள்' திட்டத்தின் கீழ், சிகிச்சையையும் பயிற்சியையும் மக்களுக்கு அருகே கொண்டுவர 'விழுதுகள்' மையங்கள் அமைக்கப்படுகின்றன. வரவேற்கிறோம். ஆனால் அந்த விழுது எந்தத் தெருவில் இறங்குகிறது?

இதைக் கேட்கக் காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரில் 2.45. விருதுநகர் மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டுமென்றால், மூன்று நாள் கூலி போகும். மையம் ஊர்ப்பக்கம் இருந்தால் நம் பிள்ளை அதில் பெயராக மட்டுமே இருக்கும்.

நாம் கேட்பது மூன்று. பகல்நேரப் பராமரிப்பு மையம் சேரிக்குள் வர வேண்டும், ஆலை நேரத்துக்குத் திறந்திருக்க வேண்டும். பயனாளிகளின் சாதிவாரிக் கணக்கை வெளியிட வேண்டும். இதற்கான செலவைப் பட்டியல் சாதியினர் துணைத் திட்ட நிதியிலிருந்து உருவக் கூடாது. பொது நிதியில் நமக்குள்ள பங்கிலிருந்து தர வேண்டும்.

1988-இல் சிவகாசிக் குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே பள்ளி திறக்க அரசுக்குத் திறன் இருந்தது. இன்று இல்லை என்றால் நம்ப மாட்டோம்.