கிராக்கன்: கண்ணால் கண்டவர் யார்?

கிராக்கன் என்ற பெயர் இன்றைய பிள்ளைகளுக்குப் புதிதல்ல. கப்பலைச் சுற்றிப் பிடித்து நொறுக்கும் அந்தக் கடற்பூதத்தைப் படங்களிலும் வீடியோ கேம்களிலும் பார்த்திருக்கிறார்கள். "சேர், அது உண்மையாகவே இருக்கிறதா?" என்று வகுப்பில் கேட்பார்கள். இருக்கிறது என்றாலும் பிழை, இல்லை என்றாலும் பிழை. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பெயர் நோர்வே நாட்டுக்குரியது. அங்கே 'கிராக்கே' என்றால் கோணலாக முறுகி வளர்ந்த மரம் போன்ற ஒன்று. இந்தப் பெயரை உலகறியச் செய்தவர் பேர்கன் நகர ஆயர் எரிக் பொன்டொப்பிடன். 1752-53இல் வெளியான தனது நோர்வே இயற்கை வரலாற்று நூலில் மீனவர்களின் பேச்சைத் திரட்டி எழுதினார்.

80, 100 பாகம் ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் 20, 30 பாகத்திலேயே தரை தட்டினால், கீழே கிராக்கன் கிடக்கிறது என்பார்களாம். அதன் மேல் மீன் குவிந்திருக்கும். ஆழம் இன்னும் குறைந்தால் அது எழும்புகிறது. உடனே தண்டு வலித்துத் தப்ப வேண்டும். மேலே வந்தால் அதன் முதுகு சிறு தீவுகள் போலத் தெரியும். அவர்கள் மிகவும் அஞ்சியது அது தாழும்போது உண்டாகும் நீர்ச்சுழியைத்தான்.

தீவு போன்ற பிராணி என்றதும் நமக்குச் சிந்துபாத்தின் முதல் பயணம் நினைவுக்கு வரும். தீவென்று நினைத்து இறங்கி நெருப்பு மூட்டுவார்கள். அது அசைந்து கடலுக்குள் தாழும். பொன்டொப்பிடனுக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன், பஸராவின் அறிஞர் அல்-ஜாஹிழ் தனது 'கிதாபுல் ஹயவான்' நூலில் இதே கதையைக் குறிப்பிடுகிறார். ஆனால் அதைக் கண்ணால் கண்டதாக உறுதி சொன்ன எவரையும் தான் சந்தித்ததில்லை என்றும் எழுதுகிறார். இந்த ஒரு வரிதான் நமக்கு முக்கியம்.

ஐரோப்பாவில் 1853இல் ஒரு முக்கிய தடயம் கிடைத்தது. டென்மார்க் கரையில் பெரிய கணவாய் ஒன்று ஒதுங்கியது. உடலைத் தூண்டில் இரைக்காக வெட்டிவிட்டார்கள். அலகு மட்டும் மிஞ்சியது. கணவாய் துப்புரவு செய்பவர்களுக்குத் தெரியும், அதன் வாயில் கிளி மூக்குப் போன்ற ஒன்று இருக்கும். அந்த அலகை ஆராய்ந்த விலங்கியலாளர் யாபெடுஸ் ஸ்டீன்ஸ்ட்ரூப், 1857இல் 'ஆர்க்கிடியூதிஸ்' என்ற பெயரைச் சூட்டினார். இராட்சதக் கணவாய் அப்படித்தான் விஞ்ஞானத்துக்குள் வந்தது. கைகளோடு சேர்த்து அதன் நீளம் 12, 13 மீற்றர் வரை. பிரமாண்டம்தான், ஆனால் தீவல்ல.

நமது கடலிலும் ஒரு கதை உண்டு. 1874 ஜூலையில் லண்டன் 'டைம்ஸ்' ஒரு செய்தி வெளியிட்டது. மொரிஷியஸிலிருந்து ரங்கூன் செல்லும் வழியில் காலியில் தண்ணீர் எடுத்த 'பேர்ள்' என்ற 150 தொன் பாய்க்கப்பலை, வங்காள விரிகுடாவில் ஒரு இராட்சதப் பிராணி பற்றிக் கவிழ்த்ததாம். கொழும்பிலிருந்து மதராஸ் சென்ற நீராவிக் கப்பலில் இருந்தவர்கள் பார்த்தார்களாம். ஆனால் இராட்சதக் கணவாயின் வாழிடம் ஆழ்கடல். மேற்பரப்பில் காணப்படுபவை பெரும்பாலும் செத்தவை அல்லது சாகக் கிடப்பவை. அப்படி ஒன்று 150 தொன் கப்பலைக் கவிழ்த்தது என்பதை நம்புவது கடினம். அச்சில் வந்ததாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது.

அதன் வாழிடத்திலேயே உயிரோடு படம் பிடிக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே, சுமார் 900 மீற்றர் ஆழத்தில், இரையோடு கெமராவையும் இறக்கி குபோதெராவும் மோரியும் அதைச் சாதித்தார்கள்.

நோர்வே மீனவர்களைப் பொய்யர்கள் என்று ஒதுக்க வேண்டாம். அவர்களின் கடலில் பெரிய ஒன்று இருக்கத்தான் செய்தது; வாய்க்கு வாய் மாறியதில் அது தீவளவு வளர்ந்தது. இன்று அதே வேலையை நமது கைபேசிகள் ஒரு நிமிடத்தில் செய்கின்றன. பிள்ளைகள் கேட்டால் கிராக்கன் கதையைச் சுவையாகவே சொல்லுங்கள். கூடவே அல்-ஜாஹிழ் தேடியதையும் கேட்கப் பழக்குங்கள்: கண்ணால் கண்டவர் யார்?